அனந்தபுரத்து ஜெபவீரன்

எங்கள் வீட்டில் இரவு எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம் என்று ஒரு சட்டம் உண்டு. போட்டவன் நான். எட்டு மணிக்கு வீட்டில் இல்லாதவனும் பெரும்பாலும் நான்தான். விழுப்புரத்தில் ஆபீஸ் முடிந்து, பஸ் பிடித்து, அனந்தபுரத்தில் வந்து இறங்குவதற்குள் சில நாள் எட்டரை ஆகிவிடும். அதில் ஒரு பிரச்சினையும் இல்லை, பஸ் லேட் என்று சொல்லிவிடலாம். ஏழரைக்கே வந்து இறங்கிவிட்டு, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஊர் நியாயம் பேசி, எட்டரைக்கு வீடு போய்ச் சேரும் நாட்களுக்குத்தான் என்ன காரணம் சொல்வதென்று தெரியவில்லை. இப்போதைக்கு அதையும் பஸ் லேட் என்றே சொல்லி வருகிறேன்.

ஜெபத்துக்கு ஆஜராக வேண்டியவர்கள் என் அம்மா (பிள்ளைகளுக்கு ஆயா, ஊருக்கும் ஆயா), என் மனைவி, ஒன்பதாவது படிக்கும் பெரியவள், நாலாவது படிக்கும் சின்னவன். ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், ஒரு ஜெபம். திட்டம் அவ்வளவுதான். ஆனால் ஜெபம் என் கையில் வந்து மாட்டினால் சுலபத்தில் கீழே இறங்காது. நாட்டை ஆளுகிறவர்கள், மாநிலத்தை ஆளுகிறவர்கள், எங்கள் பேரூராட்சி, மணிலாக்கொட்டை போட்டுவிட்டு மழைக்குக் காத்திருக்கிற விவசாயிகள், கடல் கடந்த ஊழியர்கள் என்று வரிசையாகப் போவேன். நடுவில் அடுப்படியில் ஏதாவது தீய்ந்தால் என் மனைவி ஒரு தரம் இருமுவாள். அதற்கும் நான் அசையாவிட்டால், கண்ணை மூடியபடியே எழுந்து போய்விடுவாள். ஒருநாள் உள்ளம் உருகி, குரல் தழுதழுக்க ஜெபித்து, ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தேன். பெரியவள் சுவரில் சாய்ந்திருந்தாள், சின்னவன் பாயில் குப்புறக் கிடந்தான், ஆயா உட்கார்ந்தபடியே குறட்டை. விழித்திருந்தது பல்லி மட்டும்.

என்னை நீங்கள் ஜனவரி மாதத்தில் பார்க்க வேண்டும். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் புது வருஷத்துக்கான வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்த நிமிஷத்திலிருந்து நான் வேறு ஆள். (சின்னவன் அந்த அட்டையை வாங்கியதும் பக்கத்துப் பையனிடம் ‘உனக்கு என்னா வந்துச்சு, மாத்திக்கலாமா’ என்று பேரம் பேசிக்கொண்டிருந்தான். அது வேறு கதை.) வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். நாளைக்கு மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று படித்தால் வருஷத்துக்குள் முடிந்துவிடும், பத்து அதிகாரம் அளவுக்குச் சோம்பல் படவும் இடம் இருக்கும். ஸ்காட்லாந்தில் ராபர்ட் மர்ரி மக்‌ஷெயின் என்று ஒரு இளம் போதகர் இருந்தார். 1842-ல் தம் சபையாருக்கு நாளைக்கு நாலு அதிகாரம் என்று ஒரு அட்டவணை போட்டுக் கொடுத்தார். பழைய ஏற்பாடு ஒரு தடவை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு தடவை, எல்லாம் ஒரே வருஷத்தில். உலகத்தில் இன்றைக்கும் அந்த அட்டவணையை வைத்துப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். போட்டுக் கொடுத்தவர் அடுத்த வருஷமே டைபஸ் காய்ச்சலில் போய்விட்டார், வயசு 29. இதை வீட்டில் பெருமையாகச் சொன்னேன். என் மனைவி கொஞ்சம் யோசித்துவிட்டு, “நீங்க மூணே படிங்க” என்றாள்.

ஆதியாகமம் பறக்கும். படைப்பு, பேழை, பாபேல், ஆபிரகாம் எல்லாம் ஜனவரிக் குளிருக்கு ஏற்ற சமாச்சாரங்கள். ஊரில் பொங்கல் வைக்கும்போது நம் யோசேப்பு எகிப்தில் தானியத்தைக் களஞ்சியத்தில் கொட்டிக்கொண்டிருப்பான். நானும் பக்கத்து வீட்டிலிருந்து வந்த சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டுக்கொண்டே படிப்பேன், பொருத்தமாக இருக்கும். யாத்திராகமத்திலும் செங்கடல் தாண்டும் வரை கவலையில்லை. அதற்கப்புறம் ஆசரிப்புக் கூடாரத்துக்கு அளவு கொடுக்க ஆரம்பிப்பார்கள். முழம், பலகை, திரை, கொக்கி. ஒரு தடவை அளவு சொல்லி முடித்து, பிறகு அதே அளவில் செய்து முடித்தார்கள் என்று மறுபடி முதலிலிருந்து. கொத்தனாரிடம் மாட்டிக்கொண்டு பாத்ரூம் கட்டிய அனுபவம் எனக்கு இருப்பதால் இதையும் பொறுத்துக்கொள்வேன். ஜனவரி கடைசி வாரம் லேவியராகமம் வரும். அங்கேதான் நான் வருஷா வருஷம் தட்டுவேன். பலி ஆட்டின் கொழுப்பு, குண்டிக்காய் வரைக்கும் இழுத்துப் பிடிப்பேன். பதிமூன்றாம் அதிகாரத்தில் தோல் வியாதியைச் சோதிக்கும் விதம் 59 வசனத்துக்கு நீளும். படிக்கப் படிக்க எனக்கே அங்கங்கே அரிக்கும்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பனமலையில் பல்லவன் ராஜசிம்மன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில் ஆயிரத்து முந்நூறு வருஷமாக மலைமேல் அசையாமல் நிற்கிறது. என் புத்தாண்டுத் தீர்மானம் பிப்ரவரியைத் தாண்டியதில்லை. தரங்கம்பாடிக்கு 1706-ல் வந்து இறங்கினாரே சீகன்பால்கு, அவர் மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தவர். வந்த ஒன்பதாவது வருஷம், 1715-ல், புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்தே முடித்துவிட்டார். வேற்றுநாட்டுக்காரர் மொழியைக் கற்று, மொழிபெயர்த்து, அச்சு எழுத்து கோத்து முடிக்க ஒன்பது வருஷம். அச்சடித்து வைத்ததை உட்கார்ந்து படிப்பதற்கு இந்தத் தமிழனுக்கு அரை ஆயுசு போதவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவள் என் வேதாகமத்தை எடுத்து ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாள். முன்பக்கம் கொஞ்சம் விரல் பட்டுக் கறுத்திருந்தது. மற்றதெல்லாம் கடையில் வாங்கிய அன்றைக்குப் பூசியிருந்த தங்க ஓரம் பளபளவென்று. “அப்பா பைபிள்ல ஆதியாகமம் மட்டும் செகண்ட் ஹேண்டு” என்றாள்.

படிப்பு போனால் போகட்டும், ஜெபத்தில் பிடிப்போம் என்று அதிகாலையில் எழப் பார்த்தேன். ஜான் வெஸ்லி என்ற இங்கிலாந்துப் பிரசங்கியார் தள்ளாத வயசிலும் காலை நாலு மணிக்கு எழுந்தவர். நான் நாலரைக்கு அலாரம் வைத்தேன். அலாரம் போனில், வசனம் போனில், வாட்ஸாப்பும் அதே போனில். முழங்காலில் நின்று வசனத்தைத் தேடினேன். வழியில் ஊர் குரூப்பில் யாரோ மணிலாக் கொல்லையில் பாம்பு பிடிக்கும் வீடியோ போட்டிருந்தார்கள். பாம்பு பெரிசு, வீடியோ நீளம். அதை முடித்து நிமிர்ந்தபோது பொழுது விடிந்திருந்தது. அன்றைக்குக் காப்பி குடிக்கும்போது ஆயா எல்லார் முன்னாலும் சொன்னாள்: “எம்புள்ள இன்னைக்கு இருட்டுல முட்டி போட்டுனு இருந்தான். நான் பாத்தேன். மூஞ்சி அப்பிடியே பிரகாசிச்சுது, மோசே மலையிலேருந்து எறங்குனாப்புல.”

பெரியவள் என்னைப் பார்த்தாள். நான் காப்பியைப் பார்த்தேன்.

ஆயாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவளுக்கு அலாரம் கிடையாது, அட்டவணை கிடையாது. படிப்பும் எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவுக்குத்தான், அதுவும் இப்போது கண் சரியில்லை. ஆனால் நாலு மணிக்கு எழுந்து, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, திண்ணையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள் என்றால் ஆறு மணிவரைக்கும் நகரமாட்டாள். காது கொஞ்சம் மந்தம். அதனால் ஆண்டவருக்கும் மந்தமாக இருக்கும் என்று நினைக்கிறாளோ என்னவோ, ஜெபம் உரக்கத்தான். வீட்டு விவகாரம் ஒன்று பாக்கி விடமாட்டாள். மூத்த மகளின் முட்டிவலி, பேத்தியின் கணக்குப் பாடம், பேரனின் பல், கன்று ஈனாத மாடு, பிறகு நான். என் சர்க்கரை எவ்வளவு, சாப்பாட்டுக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு. சீட்டு எடுத்த பணம் எங்கே போனது. பெண்டாட்டியிடம் நான் போன வாரம் என்ன பேச்சு பேசினேன். எல்லாவற்றையும் சொல்லி, “அவனுக்கு நல்ல புத்தியக் குடு கர்த்தாவே” என்று முடிப்பாள். இந்தக் கடைசி வேண்டுதல் என் சிறுவயதிலிருந்து நடந்து வருகிறது. வாபஸ் வாங்கும்படியான சந்தர்ப்பம் அவளுக்கு இன்னும் அமையவில்லை.

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரு கிளுவை வேலிதான். அந்தப் பக்கம் ஒரு ரிட்டயர்டு டிரைவர் அண்ணன். நெற்றி நிறைய விபூதி, காலையில் கொல்லையில் வேப்பங்குச்சியோடு நிற்பார். முதலில் எனக்கு விஷயம் புரியவில்லை. ஒருநாள் பல் விளக்கிக்கொண்டே கேட்டார்: “சார், சாப்பாட்டுக்குப் பின்ன இருநூத்தி அறுபதாமே? அரிசிய நிறுத்துங்க.” டாக்டரிடமிருந்து நான் வந்து பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. இன்னொரு நாள், “தங்கச்சிகிட்ட அந்த மாதிரி பேசக்கூடாது சார், அவங்க பாவம்” என்றார். திண்ணையில் நடப்பது ஜெபமா, செய்தி அறிக்கையா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அம்மாவிடம் பக்குவமாக, “மனசுக்குள்ள ஜெபம் பண்ணாலும் ஆண்டவருக்குக் கேக்கும்மா” என்றேன். மறுநாள் காலை நாலேகாலுக்கு அதையும் சேர்த்துச் சொன்னாள்: “என்னிய வாய மூடச் சொல்றான் கர்த்தாவே.”

பிள்ளைகளை விசுவாசத்தில் வளர்ப்பது பற்றி எனக்கு யோசனைகளுக்குக் குறைச்சலே இல்லை. இந்த ஜான் வெஸ்லியின் அம்மா சூசன்னா இருக்கிறாரே, அவர் பெற்றது 19. ஒன்பது குழந்தைகள் சிசுவாகவே போய்விட்டன. மிச்சம் இருந்த பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் எடுத்து, வாரத்தில் ஆளுக்கு ஒரு சாயங்காலம் என்று ஒதுக்கித் தனியாக உட்கார்ந்து ஆத்தும காரியம் பேசினாராம். தனியாக ஜெபிக்க வீட்டில் இடமில்லாமல் ஏப்ரனைத் தூக்கித் தலையில் போட்டுக்கொள்வார், அம்மா ஜெபத்தில் இருக்கிறாள் என்று பிள்ளைகள் சத்தம் போடமாட்டார்கள் என்றும் சொல்வார்கள். எனக்கு இருப்பது இரண்டே இரண்டு. வியாழக்கிழமை பெரியவளுக்கு, சனிக்கிழமை சின்னவனுக்கு என்று ஒதுக்கினேன். முதல் வியாழன், “உன் மனசுல என்ன இருக்கு, அப்பாகிட்டச் சொல்லும்மா” என்றேன். தனக்கென்று ஒரு போன் வேண்டும் என்பது அவள் மனசில் இருந்தது. மாடல் வரைக்கும் இருந்தது. சனிக்கிழமை சின்னவனைக் கூப்பிட்டேன். யோனா மீன் வயிற்றில் மூன்று நாள் இருந்தாரே, இருட்டில் பயமாக இருந்திருக்காதா, உள்ளே வேறு மீனெல்லாம் வந்து விழுந்திருக்குமே, அதைத் தின்றாரா என்று ஆரம்பித்தான். ஒவ்வொன்றுக்கும் “அதுவா முக்கியம்” என்றேன். கடைசியில், “அப்ப எதுதாம்பா முக்கியம்?” என்றான். அதற்குள் கிரிக்கெட் ஆரம்பித்துவிட்டதால் இரண்டு பேரும் எழுந்து போய்விட்டோம்.

சரி, பேச்சால் ஆகாது, செய்து காட்ட வேண்டும் என்று லெந்து காலத்தில் இறங்கினேன். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரைக்கும், ஞாயிறு நீங்கலாக நாற்பது நாள், சாயங்கால டீ கிடையாது, அந்தக் காசு காணிக்கை உண்டியலுக்கு என்று வீட்டில் எல்லாரையும் வைத்துக்கொண்டு அறிவித்தேன். பிள்ளைகள் அசந்துபோனார்கள். நான் டீ விட்டால் உலகத்தில் எதுவும் நடக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். பெரிய வெள்ளிக்கிழமை பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை மும்மணி ஆராதனையில் உட்கார்ந்து சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஏழு பேர் பிரசங்கிக்கக் கேட்டேன், வயிறு ஒட்டிய முகத்தோடு. மாசக் கடைசியில் என் மனைவி பெரியவளிடம் பணம் கொடுத்து, டீக்கடைப் பாக்கியைக் கொடுத்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டாள். டீக்கடைக்காரர் நாணயஸ்தர். பற்று நோட்டில் தேதி போட்டுத்தான் எழுதுவார். பெரியவள் நோட்டை நின்று நிதானமாகப் படித்துவிட்டு வந்து, என்னிடம் ஒன்றும் கேட்காமல், அம்மாவிடம் சொன்னாள்: “லெந்துல மட்டும் டீயோட போண்டாவும் இருக்கும்மா.”

பாவம், அவளும் அந்த நாற்பது நாளும் இனிப்பைத் தொடாமல் இருந்தாளாம். யாரிடமும் சொல்லவில்லை. தோழி வீட்டுக் கேக்கை வேண்டாம் என்று சொன்னபோது என் மனைவிக்குத் தற்செயலாகத் தெரிந்திருக்கிறது. இந்த மாதிரிப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பெரியவர்கள் எப்படி நிம்மதியாக இருப்பது?

அறுப்பின் பண்டிகையையும் சொல்லிவிடுகிறேன். நெல், கரும்பு, பூசணிக்காய், முட்டை, கோழி என்று அவரவர் விளைச்சலின் முதற்பலனைக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம். எங்கள் வீட்டிலிருந்து சின்னவன் வளர்த்த ஒரு நாட்டுக்கோழி போனது. கொடுக்க மனசில்லாமல் கொடுத்தான். ‘நமக்குப் பிரியமானதைக் கொடுக்கிறதுதான்டா காணிக்கை’ என்று கோயில் வாசல்வரைக்கும் அவனுக்குப் பிரசங்கம் செய்துகொண்டே போனேன். ஏலத்தில் அந்தக் கோழியைத் தூக்கிக் காட்டினார்கள். எனக்கு ஆகாத ஒருவர் முந்நூறு என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு என்னமோ அவர் என்னைப் பார்த்துச் சொன்னதாகப் பட்டது. நானூறு என்றேன். ஐந்நூறு. அறுநூறு. கூட்டம் கை தட்டியது, எங்கள் சபைப் போதகர் ஐயர் ‘அல்லேலூயா’ என்றார், என் மனைவி பெண்கள் பக்கத்திலிருந்து இருமினாள். ஆயிரத்து இருநூறுக்கு என் கோழி என் கைக்கே திரும்பி வந்தது. கொண்டுவரும்போது நடந்து வந்தேன், திரும்பும்போது கோழியோடு ஆட்டோவில் போனேன், கௌரவம். வழியெல்லாம் சின்னவன் யோசித்துக்கொண்டே வந்தான். “ஏம்ப்பா, ஆண்டவருக்குக் குடுத்தத நாமளே வாங்கிட்டமே, அவரு இப்ப என்னாத்தச் சாப்பிடுவாரு?”

இவ்வளவு சரித்திரம் உள்ள என்னிடம்தான் போன மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளியின் கடைசி நாள் நாடகத்தை எழுதும் பொறுப்பைக் கொடுத்தார்கள். யோசிக்கவே இல்லை, இடா ஸ்கடர் கதைதான் என்று முடிவு செய்தேன். அது எங்கள் பக்கத்துக் கதை. செஞ்சி போய் பஸ் மாறினால் திண்டிவனம், அங்கேதான் நடந்தது. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய் வராத குடும்பம் இந்த ஜில்லாவில் ஏது? அந்த ஆஸ்பத்திரிக்கு விதை விழுந்தது திண்டிவனத்து பங்களாவில், ஒரு ராத்திரியில்.

ஸ்கடர் குடும்பத்து மூத்தவர் ஜான் ஸ்கடர் 1819-ல் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்கு வந்த டாக்டர் மிஷனெரி. அவருடைய மகன்கள் ஏழு பேர் இந்தியாவில் மிஷனெரி ஆனார்கள். 1853-ல் ஆற்காடு மிஷனை ஆரம்பித்ததே அந்த அண்ணன் தம்பிகள்தான். அவர்களுடைய அம்மா ஹாரியட், ஒவ்வொரு பிள்ளையின் பிறந்தநாளிலும் கேக் வெட்டாமல் உபவாசம் இருந்து ஜெபிப்பாராம், எங்கள் சபைகளில் பிரசங்கத்துக்குப் பிரசங்கம் சொல்வார்கள். அப்பேர்ப்பட்ட குடும்பத்தில் பேத்தியாக 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர் இடா. அவருக்கு இந்த ஊழியம், இந்த வெயில், இந்தப் பஞ்சம் எதுவும் வேண்டாம் என்று இருந்தது. அமெரிக்காவில் படித்துவிட்டு அங்கேயே இருந்துவிட நினைத்த பெண். 1890-ல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்தார், பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று. ஒரே ராத்திரியில் ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவரும் மேல்சாதி இந்து. மூன்று பேருக்கும் வீட்டில் மனைவி பிரசவத்தில் தவித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வைத்தியம் தெரியாது, என் அப்பா டாக்டர், அவர் வருவார் என்றார் இடா. ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூன்று பேரும் திரும்பிவிட்டார்கள். விடிந்தால் மூன்று பெண்களும் இல்லை. இடா அமெரிக்கா போய் 1899-ல் கார்னெல்லில் டாக்டர் பட்டம் வாங்கித் திரும்பி வந்தார். ஒரே ஒரு கட்டில் போட்டு வேலூரில் வைத்தியம் ஆரம்பித்தார். 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. 1960-ல், எண்பத்தொன்பது வயசில், இந்த மண்ணிலேயே கண்ணை மூடினார்.

இதைப் பன்னிரண்டு பக்கத்துக்கு எழுதினேன். கதை மூன்று பக்கம், மீதி ஒன்பது பக்கம் பெற்றோர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நான் சொல்ல நினைத்த புத்திமதி, இடா வாயால். பெரியவள்தான் இடா. வெள்ளைக்காரக் கவுனுக்கு என் மனைவியின் நைட்டி. சின்னவன் மூன்றாவது புருஷன், கண்மையில் மீசை. முதல் இரண்டு பேரும் வந்தார்கள், கேட்டார்கள், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார்கள். கூட்டம் உச்சுக்கொட்டியது. மூன்றாவதாக இவன் வந்தான். கேட்டான். இடா மாட்டேன் என்றாள். இவன் போகவில்லை.

“வாக்கா. சும்மாவாச்சும் வந்து பாரு” என்றான். இது என் பன்னிரண்டு பக்கத்தில் இல்லை.

“போடா” என்றாள் இடா ஸ்கடர், உதட்டை அசைக்காமல்.

“போமாட்டேன். நீ வர்லனா அவங்க செத்துடுவாங்க.” சொல்லும்போதே நிஜமாகவே அழ ஆரம்பித்துவிட்டான். மீசை கரைந்து தாடியாகி ஓடியது. கூட்டத்தில் சிரித்தவர்கள் சட்டென்று நிறுத்தினார்கள். பெண்கள் பக்கத்தில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். பெரியவள் வசனத்தையெல்லாம் விட்டுவிட்டு, நைட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “சரி வாடா” என்று அவன் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போய்விட்டாள். மேடை காலி. திரைக்குக் கட்டியிருந்த போர்வையை நான் இழுத்தேன், கயிறோடு என் தலையில் விழுந்தது. ஐயர் எழுந்து ஜெபம் செய்து முடித்துவிட்டார். என் ஒன்பது பக்கப் புத்திமதி இன்றைக்கும் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. யாருக்காவது நாடகம் போட வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

அன்று ராத்திரி பெரியவள் என்னிடம் கேட்டாள். “இடாவ டாக்டராக்கணும்னா ஆண்டவர் நேரா சொல்லியிருக்கலாமே. அந்த மூணு பேரு ஏன் சாவணும்? அவங்களுக்குப் பேருகூட யாருக்கும் தெரியல. நம்ம நாடகத்துல ஒருத்தரும் அவங்க வேஷமே போடல.”

விசுவாசமுள்ள தகப்பன் இந்த இடத்தில் ஏதாவது சொல்ல வேண்டும். நான் தொண்டையைச் செருமினேன். ரோமர் நிருபத்தில் ஒரு வசனம் ஞாபகம் வந்தது, அதைச் சொல்ல வாய் வரவில்லை. யோபு ஞாபகம் வந்தார், நான் யோபு வரைக்கும் போனதில்லை. “நாளைக்குப் பேசலாம், படு” என்றேன். அவள் எழுந்து நேரே ஆயாவிடம் போனாள். ஆயா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு முழுவதும் கேட்டாள். “எனக்கும் தெர்ல கண்ணு. எங்கக்காவும் அப்பிடித்தான் போனா, மொதப் பிரசவத்துல. நானும் கேட்டுனுதான் இருக்கன். உன்னிதையும் சேத்துக் கேக்கறன்” என்றாள். எனக்கு ஒரு பெரியம்மா இருந்தாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பெரியவள் ஆயா பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்துவிட்டாள்.

சொன்னபடியே ஆயா கேட்டாள், நாலு மணிக்கு, முழுக் குரலில். ஒரு வாரம் போலக் கேட்டாள். ஒருநாள் நான் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து டிரைவர் அண்ணன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “சார், அந்தத் திண்டிவனத்துப் பொண்ணுங்க மூணு பேரு விஷயம் என்னா ஆச்சு? கேஸ் நடக்குதா?” 1890-ல் நடந்தது என்றேன். “அட, அப்பலேருந்தா இழுக்குது?” என்று வருத்தப்பட்டார்.

மழை பிடித்த ஒரு நாள் ஆயாவுக்குச் சளி கட்டி, குரல் போய்விட்டது. சாயங்காலம் கரண்டும் இல்லை. போனில் சார்ஜ் இல்லாததால் நான் எட்டு மணிக்கே பாயில் உட்கார்ந்துவிட்டேன், வீட்டில் ஆச்சரியம். பாட்டு முடிந்தது. வழக்கம்போல் ஆரம்பிக்க நான் மூச்சை இழுத்தேன். “இன்னிக்கு நான் ஜெபம் பண்றேன்” என்றான் சின்னவன். நல்லதுதானே என்று விட்டுவிட்டேன்.

தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டான். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தான். அப்புறம், அப்படியே ஆயா குரலில், ஆயா ராகத்தில், ஆயா சத்தத்தில் ஆரம்பித்தான். ஆயாவின் சளி, மாடு, தன் ஆடுகிற பல், அக்காவின் கணக்குப் பரீட்சை. அந்த மூன்று அம்மாக்களும் இப்போது எங்கே இருக்கிறார்கள், அவர்களுடைய பாப்பாக்கள் கூட இருக்கிறதா. பெரியவள் கண்ணைத் திறக்காமல் அவன் முதுகில் கையை வைத்தாள். எனக்கும் நெஞ்சை என்னவோ செய்தது. பெருமையோடு கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். “அப்புறம் கர்த்தாவே, எங்கப்பா...” என்றான் அடுத்தபடியாக. டீ வந்தது. போண்டா வந்தது, தேதியோடு. ஆயிரத்து இருநூறு ரூபாய் கோழி வந்தது. பஸ் லேட் இல்லை என்பதும், நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை டியூஷன் விட்டு வரும்போது தான் பார்த்ததும் வந்தது. மழை விட்டிருந்த நேரம், ஊரில் கரண்ட் இல்லை, ஒரு வீட்டில் டிவி சத்தம் கிடையாது. “அவருக்கு நல்ல புத்தியக் குடு கர்த்தாவே” என்று அவன் முடித்தபோது, குரல் இல்லாத ஆயா தொடையில் தட்டி ஆமென் போட்டாள்.

காலையில் கொல்லைப் பக்கம் போகவே எனக்குக் கூச்சமாக இருந்தது. பல் விளக்கித்தானே ஆக வேண்டும். டிரைவர் அண்ணன் வேப்பங்குச்சியோடு எனக்காகவே காத்திருந்தார்.

“ஆயாவுக்கு வயசாவுதே, அவங்களுக்கு அப்புறம் உங்க வீட்டுச் சேதி எனக்கு யாரு சொல்லுவாங்கன்னு கவலையா இருந்துச்சு சார்” என்றார். “பையன் தேறிட்டான்.”